தனுஷ்கோடியில் வறுத்த மீன்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோம். மீன் எங்கே சாப்பிடலாம்?

பதில்: கோயிலைச் சுற்றி இட்லி, பொங்கல்தான். மீனுக்குத் தனுஷ்கோடிக்கு வண்டியை விடுங்கள். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்துப் பக்கம் கீற்றுக் கொட்டகைகளில் மசாலா தடவிய மீனைக் காட்டுவார்கள். கை நீட்டியதை வறுத்துத் தருவார்கள். விலையை முதலிலேயே கேளுங்கள். கேட்காமல் இரண்டு மீனைத் தின்றுவிட்டு மனைவியிடம் திட்டு வாங்கியவன் நான்!

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; நாட்டுப்படகுகளுக்கு இல்லை. 'நாட்டுப்படகு மீனா?' என்று விசாரியுங்கள். ஐஸில் கிடந்தது என்றால் சாம்பார் சாதமே மேல். தனுஷ்கோடி தாண்டிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். திரும்பும் வழியில் நுங்கு கண்ணில் பட்டால் இறங்கிவிடுங்கள்.