ஆபீஸ்ல ராத்திரி தங்கறதுக்கான பையைப் பத்திக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உன் கேள்வி பார்த்தேன். ஏப்ரல்ல டோக்கியோ வர்ற, வீடு நிஷிகசாய்ல, ஆபீஸ் ஷின்ஜுகுல. கம்பெனி அனுப்புன பேப்பர்ல பூகம்பம் வந்து ஆபீஸ்லயே ஒரு ராத்திரி தங்க வேண்டி வந்தா அதுக்கு ஒரு பை ரெடியா வச்சுக்கோன்னு போட்டிருக்கான், அதுல என்ன வைக்கிறதுன்னு கேட்டிருக்க. கூடவே வாடகை வீட்டுக்கு யார் கேரண்டி போடுவா, மாசம் எவ்வளவு மிச்சம் புடிக்கலாம், மிக்ஸி கொண்டு வரலாமான்னும் கேட்டிருக்க. மிச்சம் புடிக்கிறதப் பத்திச் சொல்ல நம்மாளுங்க வரிசை கட்டி நிப்பாங்க, அவங்க கிட்ட கேட்டுக்கோ. நான் பையைப் பத்தி மட்டும் சொல்றேன். ஏன்னா உன் வீடு, உன் ஆபீஸ், ரெண்டும் 2011ல எனக்கு இருந்த மாதிரியே இருக்கு, படிச்சதும் குதிகால்ல பழைய எரிச்சல் வந்துடுச்சு.

நான் வந்தது 2011 ஜனவரில. பொண்டாட்டியும் எட்டு மாசக் குழந்தையும் பிப்ரவரி நடுவுல வந்து சேர்ந்தாங்க. மார்ச் 11, வெள்ளிக்கிழமை, மதியம் 2 மணி 46 நிமிஷம். நிஷி ஷின்ஜுகுல பதினாலாவது மாடி. முதல்ல தலை சுத்துதுன்னுதான் நெனச்சேன், காலைல சரியா சாப்பிடல. அப்புறம் ஜன்னல் திரை எல்லாம் படபடன்னு அடிக்குது, ஜெராக்ஸ் மெஷின் சக்கரத்துல உருண்டு தானா நடந்து வருது. நில நடுக்கம்னா ஒரு உலுக்கு உலுக்கிட்டு போயிடும்னு நெனச்சிருந்தேன், உயரமான கட்டடத்துல அப்படி இல்ல, அது கப்பல் மாதிரி பத்து நிமிஷத்துக்கு மேல ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஜப்பான்காரங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டு டேபிளுக்கு அடியில போயிட்டாங்க. எனக்கு ஹெல்மெட் எங்க இருக்குன்னே தெரியாது. ஒரு பூகம்ப ஒத்திகை டிரில்லுக்கு கூப்பிட்டப்ப கிளையன்ட் கால் இருக்குன்னு போகாம இருந்தவன் நான்.

லிஃப்ட் நின்னுடுச்சு, ரயில் மொத்தமும் நின்னுடுச்சு, போன் போகல. கட்டடம் நல்லாதான் இருக்கு, யாரும் அவசரப்பட்டு வெளிய போகாதீங்க, ராத்திரி இங்கயே தங்கலாம்னு மைக்ல சொல்றான். அது ஜப்பானிய மொழில சொல்றான், எனக்கு புரிஞ்சது பாதிதான். பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தங்க, அம்பது வயசு இருக்கும், இங்கிலீஷ்ல எழுதியே காமிச்சாங்க, இரு, போகாதன்னு. நான் கேக்கல. குழந்தை அங்க தனியா, மொழி தெரியாத பொண்டாட்டி, எப்படி உக்கார்றது? அஞ்சரை மணிக்கு பதினாலு மாடி படியிறங்கி நடக்க ஆரம்பிச்சேன். நிஷிகசாய்க்கு அங்கருந்து பதினாறு பதினேழு கிலோமீட்டர். கால்ல தி.நகர்ல புது வேலைக்குன்னு வாங்கின தோல் ஷூ.

ரோடு பூரா ஜனம். பின்னாடி அரசாங்கமே போட்ட கணக்குல அன்னிக்கு டோக்கியோ வட்டாரத்துல வீட்டுக்குப் போக முடியாம மாட்டினவங்க சுமார் 51 லட்சத்து 50 ஆயிரம் பேர். இவங்களுக்கு இங்க ஒரு பேரே உண்டு, கிதாகு நன்மின்னு சொல்வாங்க, வீடு திரும்ப முடியாத அகதின்னு அர்த்தம். அகதின்ற வார்த்தை நமக்கு எவ்வளவு கனம்னு உனக்குத் தெரியும், இங்க ஒரு ராத்திரி ரயில் இல்லாதவனுக்கு அதை வைக்கிறாங்களேன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு மாதிரிதான் இருக்கு, விடு. கூட்டம் அவ்வளவு இருந்தும் சத்தமே இல்ல, சிவப்பு விளக்குன்னா நிக்குறாங்க, பச்சைன்னா நடக்குறாங்க. கொன்பினின்னு சொல்ற சின்னக் கடை எல்லாத்துலயும் ஒனிகிரின்ற சோத்து உருண்டை, ரொட்டி எல்லாம் காலி. சைக்கிள் கடைல சைக்கிள் வித்துத் தீந்துடுச்சு, ஹீல்ஸ் போட்ட பொண்ணுங்க கடைல நின்னு கேன்வாஸ் ஷூ வாங்கி மாத்திக்கிட்டு போறாங்க. நான் அதைப் பார்த்துக்கிட்டே தோல் ஷூல நடக்குறேன். அஞ்சாயிரம் யென் எதுக்குன்னு யோசிச்சேன் பாரு, அந்த அஞ்சாயிரத்துக்கு அப்புறம் ரெண்டு வாரம் செருப்புதான்.

பொது டெலிபோன்ல ஒரு பெரிய கியூ, முக்கால் மணி நேரம் நின்னேன். என் முறை வந்தப்ப சில்லறை இல்ல. பின்னாடி நின்ன பெரியவர் ஒரு பத்து யென் குடுத்தார். பொண்டாட்டி செல்லுக்கு போகவே இல்ல, காசு திரும்பி வந்துடுச்சு. கசாய்பாஷி பாலத்துல அரகவா ஆத்தைத் தாண்டும்போது நடுராத்திரி, காத்து முகத்துல அறையுது, பாலத்து நடுவுல இன்னொரு ஆட்டம் வேற. வீட்டுக்குப் போய்ச் சேர மணி ஒன்னு. சாக்ஸ் தோலோட சேர்ந்து வந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வீட்ல எல்லாரும் நல்லாதான் இருந்தாங்க. கீழ் வீட்டுப் பாட்டி வந்து குழந்தையைத் தூக்கிக்கிட்டு என் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு பார்க்குக்குப் போயிட்டாங்களாம், அஞ்சு மணிக்கெல்லாம் திரும்ப வந்தாச்சு, கரண்ட் போகல, நெட் போகல. இவ ஸ்கைப்ல திருச்சியில இருக்கற தன் தம்பியை, அதாவது என் மச்சானைக் கூப்பிட்டு நாங்க நல்லா இருக்கோம், அவரைப் பத்தி ஏதாவது தெரியுமான்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. எங்க ஆபீஸ்லயும் நெட் இருந்துச்சு தம்பி. என் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அந்த மச்சானுக்கு ஒரு வரி மெயில் போட்டிருந்தா ஆறு மணிக்குள்ள எனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். அது தோணாம ஏழரை மணி நேரம் நடந்திருக்கேன், அந்த ஏழரை மணி நேரமும் இவ நான் செத்துட்டேனோன்னு உக்காந்திருக்கா. கடலூர்ல எங்க அம்மா டிவில அலை வர்றதைப் பார்த்துட்டாங்க, அது 2004 பார்த்த கண்ணு, அவங்க பட்ட பாட்டை நான் இங்க எழுதல. வடக்க சுனாமில போனவங்களை நெனச்சா என் கொப்புளத்தைப் பத்திப் பேசறதே கூச்சம்தான், ஆனா நீ கேட்டது பையைப் பத்தி.

அதனால பைல முதல்ல வைக்க வேண்டியது பொருள் இல்ல. நீயும் பொண்டாட்டியும் உக்காந்து பேசி, டோக்கியோல இல்லாத ஒரு ஆளை முடிவு பண்ணுங்க, மச்சானோ அக்காவோ. ஆட்டம் வந்துச்சுன்னா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடக் கூடாது, ரெண்டு பேரும் அந்த ஆளுக்குத்தான் செய்தி சொல்லணும். ஊருக்குள்ள பேசினா லைன் அடைச்சுக்கும், வெளியூருக்குப் போயிடும். அந்த நம்பரை பேப்பர்ல எழுதி பைல வை, போன் செத்தா நம்பரும் சாகும், இப்ப யாருக்கு நம்பர் மனப்பாடம்? அப்புறம் 171ன்னு ஒரு நம்பர் இருக்கு, பேரிடர் நேரத்துல குரல்ல செய்தி பதிஞ்சு வைக்கலாம், 1 அழுத்தினா பதியலாம், 2 அழுத்தினா கேக்கலாம், ஒரு செய்திக்கு 30 செகண்ட். மாசம் 1ம் தேதியும் 15ம் தேதியும் சோதிச்சுப் பார்க்க திறந்து விடுவாங்க, வழி சொல்ற குரல் ஜப்பானிய மொழில வரும், அதனால அன்னிக்கு வீட்ல ரெண்டு பேரும் ஒருதடவை பண்ணிப் பாருங்க. பத்து யென் காசு பத்து போட்டு வை. பேரிடர்ல பொது போன் இலவசம்னு விட்டாலும் பழைய பச்சை போன்ல காசு போட்டாத்தான் லைன் கிடைக்கும், பேசி முடிச்சதும் காசு திரும்ப வந்துடும். இது தெரியாம நிறைய பேர் போனை அடிச்சுக்கிட்டு நிப்பாங்க.

அடுத்தது, அந்தப் பை நடக்கறதுக்கு இல்ல, உக்கார்றதுக்கு. 2011க்கு அப்புறம் டோக்கியோல ஒரு சட்டமே போட்டாங்க, 2013 ஏப்ரல்லருந்து அமல்ல இருக்கு. ஊழியர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாம கம்பெனியிலயே தங்க வைக்கணும், ஒரு ஆளுக்கு மூணு நாளைக்கு 9 லிட்டர் தண்ணி, 9 வேளை சாப்பாடு, ஒரு போர்வை வச்சிருக்கணும். காரணம் நம்ம மேல கரிசனம் மட்டும் இல்ல. முதல் மூணு நாள்தான் இடிபாட்டுல இருக்கறவனை உயிரோட எடுக்க முடியும், அப்ப லட்சக்கணக்கான பேர் ரோட்ல நடந்தா ஆம்புலன்ஸும் ஃபயர் வண்டியும் எங்க போகும்? நானும் அன்னிக்கு அப்படி ஒரு வண்டியை மறிச்சிருப்பேனோ என்னவோ. வீடு 10 கிலோமீட்டருக்குள்ளன்னா நடந்துடலாம், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு பத்துல ஒருத்தர் வீதம் விழுந்துடுவாங்க, 20 தாண்டினா யாராலயும் ஆகாதுன்னு இங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. உன் தூரத்துக்கு நீயே போட்டுப் பாத்துக்கோ.

ஆனா ஒன்னு. அந்தச் சட்டம் முயற்சி பண்ணுங்கன்னு சொல்ற சட்டம், வைக்கலன்னா அபராதம் கிடையாது. நம்மாளுங்க பாதிப் பேர் ஒரு கம்பெனி சம்பளத்துல இன்னொரு கம்பெனி கட்டடத்துல உக்காந்து வேலை பார்க்கறவங்க. அந்த ஒம்பது லிட்டர் யார் கணக்குல வரும்? நான் ஒரு இடத்துல வேலை பார்த்தப்ப கேட்டேன், கட்டடத்துக்காரன் உங்க கம்பெனி வைக்கும்னான், எங்க கம்பெனி கட்டடத்துக்காரன் வைப்பான்னான். ரெண்டு பேர் கணக்குலயும் நான் இல்ல. வந்த முதல் வாரமே இதைக் கேளு, கூச்சப்படாத. விசா, சம்பளம், இன்கிரிமென்ட்னு எல்லாத்துக்கும் வாயைத் திறக்கற நம்மாளுங்க இதுக்கு மட்டும் ஏன் திறக்க மாட்டாங்கன்னு எனக்கு புரியல.

சரி, பொருள். அந்தப் பக்கத்து சீட்டு அம்மா, அன்னிக்கு ராத்திரி அட்டைப் பெட்டியைப் பிரிச்சுப் போட்டு டேபிளுக்கு அடியில படுத்துத் தூங்கினவங்க, அப்புறம் ஒரு நாள் டிராயரைத் திறந்து காமிச்சாங்க. கேன்வாஸ் ஷூ, ரெண்டு ஜோடி சாக்ஸ், கைரோ ஒரு கட்டு, காதுல வைக்கற பஞ்சு, கண் கட்டு, மாஸ்க், டூத் பிரஷ், யோகான் நாலு. கைரோன்னா உறையைப் பிரிச்சா சூடாகற சின்னப் பை, மார்ச் மாசம் ராத்திரி ஹீட்டர் நின்ன ஆபீஸ்ல அதோட அருமை தெரியும். யோகான்னா பயறு, சர்க்கரை, கடல்பாசி போட்டுக் கிண்டினது, நம்ம அல்வாவுக்கு தூரத்துச் சொந்தம், வருஷக்கணக்குல கெடாது. நீ சைவம்னு எழுதியிருக்க, அதனால இதைக் குறிச்சுக்கோ. கம்பெனி வைக்கிற சாப்பாட்டை நம்பாத, காய்கறி படம் போட்ட பாக்கெட்லயும் மீன் சாறு இருக்கும், கர்ரி குழம்பு பாக்கெட்ல பன்னிக் கொழுப்பு இருக்கலாம். அல்ஃபா அரிசின்னு விப்பாங்க, வேக வச்சு காய வச்ச சோறு, வெந்நீர் ஊத்தினா கால் மணி நேரம், பச்சைத் தண்ணி ஊத்தினா ஒரு மணி நேரத்துல சோறு. வெறும் வெள்ளைச் சோறு மட்டும் வாங்கு, மத்த ருசி வேணாம். கூட பருப்புப் பொடி சின்ன பாக்கெட்ல கட்டி வை. முறுக்கு வைக்காத, நான் ஒரு டப்பா வச்சு ஆறு மாசம் கழிச்சுத் திறந்தா காறல் வாடை, ஃப்ளோர் பூரா என்னைப் பார்த்துச்சு.

டாய்லெட்டை மறந்துடாத. உயரமான கட்டடத்துல கரண்ட் போனா தண்ணி மேல ஏறாது, மோட்டார் நின்னா ஃப்ளஷ் கிடையாது. பவுடர் போட்டு உறைய வைக்கற பைகள் விக்கும், பத்துப் பன்னெண்டு வாங்கி வை. சாப்பாடு இல்லாம ஒரு ராத்திரி இருந்துடலாம், இது இல்லாம முடியாது. அலுமினியப் போர்வை நல்லதுதான், ஆனா புரண்டு படுத்தா சிப்ஸ் பாக்கெட் மாதிரி சத்தம், பக்கத்துல இருக்கறவன் தூங்க மாட்டான், கொஞ்சம் கூட குடுத்து சத்தம் வராததா வாங்கு. மாத்திரை, கண்ணாடி, பவர் பேங்க், ஆயிரம் யென் நோட்டு, இதெல்லாம் உனக்கே தெரியும். செப்டம்பர் 1 இங்க பேரிடர் தடுப்பு நாள், 1923ல பெரிய பூகம்பம் வந்த தேதி, அன்னிக்கு பையைக் கொட்டி தேதி முடிஞ்சதை மாத்து. கைரோவுக்கும் தேதி உண்டு.

2021 அக்டோபர் 7 ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு ஆட்டம் வந்துச்சு, ரயில் நின்னுச்சு. ஒரு ரிலீஸுக்காக நான் ஆபீஸ்ல இருந்தேன். மச்சானுக்கு ரெண்டு வார்த்தை அனுப்பினேன், அஞ்சு நிமிஷத்துல வீட்டு சேதி வந்துடுச்சு, கைரோவைப் போட்டுக்கிட்டு படுத்துட்டேன். கூட இருந்த நம்ம பையன் ஒருத்தன் நடந்தே போறேன்னு கிளம்பினான், இங்க வந்து ஏழு வருஷம், கடகானான்ற ஜப்பானிய எழுத்து தெரியாது, டிரில்லுக்கு வந்ததில்ல, ஆனா எந்த ஸ்டேஷன் பக்கத்துல பரோட்டா கிடைக்கும்னு கேட்டா சொல்லுவான். கையைப் புடிச்சு உக்கார வச்சேன், என் ஒரு யோகானும் போச்சு. இப்ப எங்க ஃப்ளோருக்கு போசாய், அதாவது பேரிடர் தடுப்புப் பொறுப்பு நான்தான், ஹெல்மெட் எண்ணி வைக்கறவன், டிரில்ல மைக் புடிக்கறவன்.

2011ல அந்த வாரத்துல ஓடிப்போன வெளிநாட்டுக்காரங்களை கேலியா ஃப்ளைஜின்னு சொன்னாங்க. நம்மாளுங்கள்ல சிலர் பத்து வருஷமா அதைச் சொல்லிக் காட்டறாங்க, நான் இருந்தேன் அவன் ஓடினான்னு. நானும் கொஞ்ச நாள் சொல்லியிருக்கேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா ஃபுகுஷிமா அணு உலை செய்தி வந்ததும் நானும் குடும்பத்தோட கிளம்பினவன்தான், மூணு வாரம் கடலூர்ல இருந்துட்டு வந்தேன். திரும்ப வந்தப்ப அந்த அம்மா ஒன்னும் கேக்கல, குழந்தை எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டாங்க. அப்பதான் டிராயரைத் திறந்து காமிச்சது.

கேரண்டிக்கு கம்பெனியையே கேளு, இல்லன்னா அதுக்குன்னே காசு வாங்கற ஏஜென்சி இருக்கு. மிக்ஸி கொண்டு வராத, இங்க 100 வோல்ட், நம்ம மிக்ஸி முனகும், மாவு அரையாது. அந்த எடைக்கு நல்ல கேன்வாஸ் ஷூ ஒன்னு போடு.