கணினி கேள்வி பதில்: சம்பளக் கணக்குக்கு டெஸ்ட் டேட்டா

கேள்வி: அண்ணே, பக்கத்துத் தோட்ட ஆபீசுக்கு ஜாவாவில் சம்பள புரோகிராம் எழுதுகிறேன். இபிஎப் (மலேசிய ஊழியர் சேமநிதி) பிடித்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க, ஜாவா புரோகிராமைச் சோதிக்கும் ஜேயூனிட்டில் டெஸ்ட் போட்டேன். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு மெத்தட் என்று நீண்டுகொண்டே போகிறது. எண்களை வெளியே சிஎஸ்வி பைலில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) வைத்துப் பார்த்தேன், என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் பைலே இல்லை என்கிறது.
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் கணக்குக்கு எண்களை வெளியே பைலில் வைப்பதுதான் சரி தம்பி. இபிஎப்பை நேரே 11 விழுக்காட்டால் பெருக்கினால் வராது. 5,000 வெள்ளி வரை இபிஎப் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 20 வெள்ளிக்கு ஒரு படி, அந்தப் படியின் மேல் எல்லைக்குத்தான் விழுக்காடு, சென் வந்தால் அடுத்த வெள்ளிக்கு ஏற்றிவிடுவார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் உள்ளூர்த் தொழிலாளிக்குப் பிடித்தம் 187. ஒரே ஒரு சென் கூடி 1,700.01 ஆனால் 1,720 வரையுள்ள படிக்குப் போய்விடும், அதில் 11 விழுக்காடு 189.20, ஆக 190 வெள்ளி. புரோகிராம் தடுக்கி விழுவது இந்த விளிம்பில்தான். அதனால் பைலில் ஒரு படியின் கடைசி சென்னும் அடுத்த படியின் முதல் சென்னும் ஜோடி ஜோடியாக இருக்கட்டும். 1,710, 1,711 என்று நடுவில் கிடப்பதை நூறு வரி போட்டும் பிரயோஜனம் இல்லை.

மெத்தட் ஒன்றே போதும். மேலே பாராமிட்டரைஸ்டு டெஸ்ட், சிஎஸ்வி பைல் சோர்ஸ் என்று இரண்டு அனோட்டேஷன், தலைப்பு வரியைத் தாண்ட 'நம் லைன்ஸ் டு ஸ்கிப்' 1. வரிக்கு ஒரு தடவை ஓடும், தப்பான வரி மட்டும் சிவப்பாகும். நீங்களே பைலைத் திறந்து லூப் போட்டால் முதல் தப்பிலேயே நின்றுவிடும், மிச்சம் எத்தனை தப்பு என்று தெரியாது. தொகையை டபுளில் வாங்காதீர்கள், அது தசமத்தைத் தோராயமாகத்தான் வைக்கும்; பிக்டெசிமல்தான்.

சர்வர் விஷயம் சின்னது. சி டிரைவில் தொடங்கும் உங்கள் லேப்டாப் முகவரியை அப்படியே எழுதியிருப்பீர்கள். பைலை டெஸ்டுக்குரிய ரிசோர்சஸ் போல்டரில் போட்டு, புரோகிராமோடு சேர்த்து கிட்டில் (புரோகிராமைச் சேமித்துப் பகிரும் இடம்) ஏற்றி, முகவரியை அந்த போல்டரிலிருந்து தொடங்குங்கள். பைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

அப்புறம், கடைசியில் 'ஏன் இந்த வரி' என்று ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்துவிடுங்கள். நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகு அந்த பைலைப் பார்க்கப்போவது யாரோ.

கேள்வி: அதே பைலை ஆபீஸ் கிராணி (எழுத்தர்) அக்கா எக்செலில் திறந்து சேவ் செய்தார். அடையாள அட்டை எண்கள் கெட்டுவிட்டன.

பதில்: அக்காவைக் குறை சொல்லாதீர்கள், எக்செலின் குணம் அது. நம் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்கும். இடைக்கோடில்லாமல் எழுதினால் அதை ஒரு பெரிய தொகை என்று எடுத்துக்கொண்டு, 910203 என்று தொடங்குவதை 9.10203, பக்கத்தில் ஈ பிளஸ் 11 என்று காட்டும், சேவ் செய்தால் பைலிலும் அதுதான் இருக்கும். அதைவிட மோசம் 2001-இல் பிறந்த பிள்ளைகளின் எண்: முன்னால் உள்ள பூஜ்யம் போய் 11 இலக்கமாக நிற்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. இடைக்கோடு போட்டு 010203-08 என்று தொடங்குகிற மாதிரி எழுதிவையுங்கள், எக்செல் எழுத்தாகவே விட்டுவிடும். தமிழ்ப் பெயர் இருந்தால் சேவ் செய்யும்போது யூடிஎப்-8 சிஎஸ்வியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது பைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்க்கும், தலைப்பு வரியைத்தான் தாண்டுகிறோமே, அதோடு போய்விடும்.

கேள்வி: போன மாதச் சம்பளப் பட்டியலையே டெஸ்ட் டேட்டாவாகப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆட்களின் பெயர், எண், சம்பளம் எல்லாம் கிட்டுக்குப் போய்விடும். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பட்டியலில் உள்ள பிடித்தம் எதில் கணக்குப் போட்டது? உங்கள் புரோகிராமில் என்றால், அது சொன்ன விடையை அதனிடமே திரும்பக் கேட்கிறீர்கள், தப்பாக இருந்தாலும் பச்சைதான் காட்டும். விடை நெடுவரிசையை அக்கா அட்டவணையைப் பார்த்துக் கையால் நிரப்பட்டும், முப்பது வரி போதும்.