பலகை இருக்கிறது, எழுத ஆள் இல்லை

கேள்வி: கல்யாணமாகி தஞ்சாவூரிலிருந்து மொரீஷியஸ் வந்தவள் நான். ரோஸ் ஹில்லில் மாமியாரோடு இருக்கிறோம். கணவருக்கு ஹோட்டல் வேலை, ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். மகன் ஜனவரியில் கிரேடு 6 போகிறான், மகள் கிரேடு 3. பள்ளிக் கடிதம், கரண்ட் பில், டாக்டர் சீட்டு எல்லாம் சமையல் மேடையில் குவிகின்றன. ஒரு வெள்ளைப் பலகை வாங்கி, கலர் கலராக எழுதி மாட்டினேன். ஒரு மாதம்கூட ஓடவில்லை. "நாளைக்கு லெசோன் (டியூஷன்) உண்டா அம்மா?" என்று பிள்ளைகளும், "அவன் ராத்திரி சாப்பிட வருவானா?" என்று மாமியாரும் இன்னும் என்னைத்தான் கேட்கிறார்கள். எங்கே தப்பு செய்தேன்?

பதில்:

அன்புத் தோழிக்கு,

பலகை வாங்கியது தப்பே இல்லை. அதில் எழுதுகிற கை உங்களுடையது மட்டும் என்பதுதான் சிக்கல். நீங்களே எழுதி, நீங்களே அழித்து, கடைசியில் வாயாலும் நினைவூட்டினால் அது உங்கள் டைரிதான். அலமாரிக்குள் இருக்க வேண்டியது சுவரில் தொங்குகிறது. மற்றவர்கள் ஏன் பார்க்க வேண்டும்? உங்களைக் கேட்டால் அதைவிடச் சீக்கிரம் பதில் வருகிறதே.

எனவே முதலில் பேனாவைப் பிரித்துக் கொடுங்கள். வார ரோஸ்டர் கைக்கு வந்த அன்றே கணவர் ஏழு கட்டத்தை நிரப்ப வேண்டும். காலை, மாலை, இரவு, லீவு என்று ஒற்றைச் சொல் போதும். உங்கள் மாமியாரின் கேள்விக்கு அதுதான் பதில். லெசோன் நேரமும் பரீட்சைத் தேதியும் மகன் பொறுப்பு. மகள் பையிலிருந்து பள்ளிக் கடிதத்தை எடுத்துக் கிளிப்பில் மாட்டட்டும். கையெழுத்துப் போடுவது மட்டும் உங்கள் வேலை. மாமியாருக்கு கேஸைக் கொடுங்கள். 12 கிலோ சிலிண்டர் மாற்றிய தேதியை அவர் குறித்துவந்தால், மூன்று நான்கு சிலிண்டரிலேயே உங்கள் வீட்டு அடுப்புக் கணக்கு தெரிந்துவிடும். எழுதத் தயங்கினால் தேதியின் மேல் ஒரு சிவப்புக் காந்தம் வைக்கட்டும்.

அதன் பிறகு யார் கேட்டாலும் உங்கள் பதில் "பலகையில் பாரு" என்பது மட்டுமே. அங்கே இல்லையென்றால், யாருடைய கட்டமோ அவரே வந்து எழுதட்டும். மனம் கேட்காது, தெரியும். மகன் ஒரு லெசோனைத் தவறவிடக்கூடும். விடட்டும். கிரேடு 6 பரீட்சைத் தேதியில் மட்டும் இந்த வைராக்கியம் வேண்டாம், அதை நீங்களும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்று யோசித்திருப்பீர்கள். வீட்டில் எது சட்டென்று புரிகிறதோ அதில். கடைச் சாமான் கிரியோலில் இருக்கட்டும், தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளை விரத நாளைத் தமிழில் எழுதட்டும். கலப்படமாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். எண்ணெய்ப் புகை படிந்த பலகையில் மார்க்கர் சரியாக அழியாது, காகிதம் பிசுபிசுத்துப் போகும். பின்வாசல் பக்கமோ ஃப்ரிட்ஜின் பக்கவாட்டோ நல்லது. சில ஸ்டீல் கதவுகளில் காந்தம் ஒட்டாது, முதலில் வைத்துப் பாருங்கள். மகளின் கண்ணுக்கு எட்டுகிற உயரம்தான் சரியான உயரம். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் முதலில் காணாமல் போவது அதுதான்.

இனி மாத நாட்காட்டி. நம் தீவில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான். பள்ளி திறக்கும், தைப்பூசக் காவடி வரும், புயல் பருவமும் உச்சத்தில் இருக்கும். உங்கள் வீட்டிலும் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் காவடி நாளைக் குறித்தால் மட்டும் போதாது. விரதம் தொடங்கும் நாள், அதற்கு முந்தைய வாரம் ஃப்ரீஸரில் உள்ள மீனையும் கறியையும் காலி செய்ய வேண்டிய நாள், விரதப் பாத்திரம் இறக்கும் நாள் என்று பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள். ஏழு கறி சமைப்பதானால் அதற்கான காய்கறிப் பட்டியலையும் அப்போதே ஆரம்பித்துவிடலாம்.

ஊரிலிருந்து யாராவது தினசரிக் காலண்டர் கொண்டுவந்து தந்திருப்பார்கள். மாட்டுங்கள், ஆனால் அதில் உள்ள நேரத்தை அப்படியே எடுக்காதீர்கள். இந்திய நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. ஏகாதசி காலை 6.50 வரை என்று போட்டிருந்தால் இங்கே அது 5.20க்கே முடிந்துவிடும், நமக்குச் சூரியன் உதிக்கும்போது துவாதசி. ராகு காலமும் உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பொறுத்தது, அங்கே டிசம்பரில் பகல் குறுகும்போது இங்கே நீளும். விரதத்துக்கும் விழாவுக்கும் உங்கள் கோயில் அறிவிக்கிற தேதியை எடுத்துக்கொள்வதே நல்லது.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: புயலுக்கென்று ஒரு தனித் தாள். இங்கே பருவம் நவம்பர் 1 முதல் மே 15 வரை. இந்தத் தாள் ஃபோனில் இருந்து பயனில்லை, கரண்ட் போனபின் ஃபோன் எத்தனை நேரம் தாங்கும்? பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டுங்கள். புயல் எச்சரிக்கையை இங்கே வகுப்பு 1 முதல் 4 வரை நான்கு நிலையாக அறிவிப்பார்கள், தாளிலும் நான்கு பத்தி. ஒவ்வொன்றிலும் யார் என்ன செய்வது என்று பெயரோடு இருக்க வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசலாம் என்பதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்னால் வகுப்பு 1 வரும். மருந்து, பேட்டரி, டார்ச், ரேடியோ, கேஸ் பார்க்க அதுதான் சமயம். அந்தக் காற்றுக்கு முன்னால் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி வகுப்பு 2ஐயும், 6 மணி நேரம் கிடைக்கும்படி வகுப்பு 3ஐயும் அறிவிப்பார்கள். வகுப்பு 2இல் தொட்டியும் வாளிகளும் நிரம்பட்டும், மாடியில் கிடக்கிற தொட்டிச்செடியும் தகரமும் உள்ளே வரட்டும். ஹோட்டலிலேயே தங்கச் சொல்வார்களா என்று கணவரிடம் இப்போதே கேட்டு அதையும் எழுதுங்கள், அன்று அவர் வீட்டில் இல்லாவிட்டால் மாடி வேலை யாருக்கு? வகுப்பு 3 வந்தால் எல்லோரும் வீட்டுக்குள். 4 என்றால் அந்தக் காற்று வந்தே விட்டது, கதவைத் திறக்கிற பேச்சே இல்லை. நடுவில் காற்று திடீரென ஓய்ந்தாலும் திறக்கக் கூடாது, புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம், மறுபக்கக் காற்று இன்னும் பாக்கி.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப்போனதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் பிள்ளைகளை யார், எந்த வழியில் அழைத்துவருவது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். 1975 ஜெர்வேஸ் புயல் உங்கள் மாமியாருக்கு நினைவிருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள், கடையில் வாங்குகிற பட்டியலில் இல்லாத இரண்டு சாமானாவது அவர் சொல்வார். அடியில் எண்கள்: போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114, தீயணைப்பு 115, பக்கத்து வீடு, பள்ளி, ஹோட்டல் வரவேற்பு. வங்கிக் கணக்கும் பாஸ்வேர்டும் சுவரில் வேண்டாம். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் நீர் புகாத ஒரே பையில் இருக்கட்டும், பை எங்கே என்று மட்டும் எழுதுங்கள்.

சமையல் மேடைக் குவியலுக்கு இரண்டே கிளிப். ஒன்று "செய்ய வேண்டியது", மற்றது "கட்ட வேண்டியது". கட்டிய பில் அன்றைக்கே ஃபைலுக்குப் போகட்டும். மூன்றாவது கிளிப் வைத்தீர்களானால் அது குப்பைக்கூடை ஆகிவிடும். ஃபோன் காலண்டரைக் கணவரும் நீங்களும் பகிர்ந்துகொள்வது நல்லதுதான், ஆனால் அதை மாமியாரும் மகளும் பார்க்கப் போவதில்லை. அதனால் பலகைக்கு அது மாற்றாகாது.

பள்ளி விடுமுறையில் எல்லோரும் வீட்டில் இருக்கிற ஒரு நாள் பாருங்கள், கணவருக்கு லீவு விழுகிற நாளாக இருக்கட்டும். பழைய எழுத்தை முழுக்க அழித்துவிட்டு ஆளுக்கொரு கலர் பேனா கொடுங்கள். கட்டம் போடுகிற வேலையையும் மகனிடமே விடுங்கள். கோடு கோணலாக வந்தால் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.