சியாட்டிலிலிருந்து கனடா வழியாக அலாஸ்காவுக்கு 30 அடி கேரவனை இழுத்துக்கொண்டு குடும்பமாகப் போவதற்கு எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: சேலத்திலிருந்து நீங்களும் உங்கள் மனைவியும் கோடையில் சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறீர்கள், மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி என்று ஐந்து பேராக, வாடகைக் கேரவன் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) ஒன்றைப் பிக்கப் வண்டியில் மாட்டிக்கொண்டு ஆங்கரேஜ் வரை போய்வர வேண்டும், வழியில் எங்கெங்கே தங்கலாம்? என் கருத்தில், தங்குமிடம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஆவணங்களும் எடையும் முடிவாகாதவரை வரைபடத்தை விரித்து வைப்பதில் பயனில்லை. சங்ககிரியில் லாரி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதாலும், மகள் குடும்பத்துடன் இதே வழியில் போய்வந்தவன் என்பதாலும், அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து கனடா, கனடாவிலிருந்து அலாஸ்கா, பிறகு அதே இரண்டும் திரும்பி வரும்போது என்று மொத்தம் நான்கு முறை எல்லையைக் கடக்கிறீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அமெரிக்க விசாவை மட்டும் காட்டிக் கனடாவுக்குள் சாலை வழியாக நுழைய முடியாது. கனடாவின் வருகையாளர் விசா தனியாக வேண்டும், அதுவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருப்பது நல்லது. சியாட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இங்கிருக்கும்போதே விண்ணப்பித்து, சென்னையிலோ பெங்களூருவிலோ கைரேகை கொடுத்துவிடுங்கள். அந்தப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மகனும் மருமகளும் ஹெச்-1பி (வேலை விசா), ஹெச்-4 (அவருடைய குடும்பத்துக்கான விசா) ஆகியவற்றில் இருந்தால் அவர்களுக்கும் கனடா விசா தேவை. கிரீன் கார்டு (அமெரிக்க நிரந்தரக் குடியிருப்பு அட்டை) இருந்தால் அதுவும் கடவுச்சீட்டும் போதும். அவர்களுடைய அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், 30 நாட்களுக்குள் கனடாவிலிருந்து திரும்புவோருக்கு ஒரு சலுகை உண்டு என்றாலும், அது யாருக்குப் பொருந்தும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே புறப்பட வேண்டும். கனடா போய்வந்தால் நீங்கள் அமெரிக்காவில் தங்க அனுமதித்த நாட்களின் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கனடாவும் அலாஸ்காவும் ஜல்லிச் சாலையும் அனுமதிக்கப்பட்டிருப்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இன்று அலாஸ்கா நெடுஞ்சாலை முழுவதும் தார்ச் சாலைதான் என்றாலும், குறுகிய கோடையிலேயே பழுதுபார்ப்பு அத்தனையும் நடப்பதால் இடையிடையே ஜல்லிதான் கிடக்கும். வண்டிக் காப்பீட்டு நிறுவனத்திடம் கனடாவுக்கான பொறுப்புக் காப்பீட்டு அட்டையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் இருவருக்கும் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் கனடா அடங்குகிறதா என்பதை அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இனி எடை. பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். பிக்கப் விளம்பரத்தில் 4,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து, கேரவன் 3,500 கிலோதானே என்று நிம்மதியடைந்துவிடுகிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். அரை டன் என்று பெயர் பெற்ற சிறிய ரகப் பிக்கப்கள் பலவற்றில் அது 650 முதல் 800 கிலோவுக்குள்தான். கேரவன் தன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காட்டைக் கொக்கியின் வழியாக இழுக்கும் வண்டியின் மீது சுமத்த வேண்டும். 12 விழுக்காடு என்று வைத்தாலே 420 கிலோ. பெரியவர்கள் நால்வரும் பேத்தியும் சேர்ந்து சுமார் 305 கிலோ. ஆக 725 கிலோ ஆகிவிட்டது. கொக்கியின் இரும்பு, கருவிப் பெட்டி, ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

சுமையைக் குறைப்பதற்காகச் சாமான்களைக் கேரவனின் பின்பக்கம் தள்ளிவிடலாமே என்று தோன்றும். கட்டை வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். கேரவனில் பின்பாரம் ஏறினால் அது பாம்பு போல நெளியத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆகவே ஏற்றிய நிலையில் நெடுஞ்சாலையோர எடை மேடையில் ஒருமுறை நிறுத்தி, அச்சு வாரியாகச் சீட்டு வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவு அற்பம். கணக்கு இடித்தால் அடுத்த பெரிய ரகமான முக்கால் டன் பிக்கப் எடுக்க வேண்டும், அல்லது 22 அடிக் கேரவனோடு நிறைவடைய வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. முன்பின் இழுத்துப் பழகாத மகன் 30 அடியைப் பின்னோக்கி ஒடித்து நிறுத்துவதற்குள் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

கேரவனுக்கெனத் தனியாக இயங்கும் பிரேக்கின் கைப்பிடி ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் இருக்கும். கேரவன் ஆட ஆரம்பித்தால் கால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, அந்தக் கைப்பிடியை மட்டும் மெல்ல அழுத்த வேண்டும். இதைப் புறப்படும் முன் காலியான வாகன நிறுத்துமிடத்தில் கைக்குப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இறக்கத்தைப் பொறுத்தவரை, தொப்பூர்க் கணவாயில் நம் லாரிக்காரர்கள் சொல்வதுதான் அங்கேயும்: ஏறிய கியரிலேயே இறங்கு. மலைச்சாலை என்றதும் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். அலாஸ்கா நெடுஞ்சாலையின் மிக உயர்ந்த இடமான சம்மிட் லேக் 1,295 மீட்டர்தான். ஏற்காடே அதைவிட உயரம்.

அங்கே சிரமம் தருவது உயரமல்ல, நிலத்தடி உறைபனி. 1942-இல் போர்க்கால அவசரத்தில் ராணுவம் வெட்டிய இந்தச் சாலை, கனடாவின் டாசன் கிரீக்கிலிருந்து அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். அதில் கனடாவின் யூகான் பகுதியில் டிஸ்ட்ரக்‌ஷன் பே ஊருக்கும் பீவர் கிரீக்குக்கும் இடையில், கீழே உறைந்த மண் உருகியும் உறைந்தும் சாலையை அலை அலையாகத் தூக்கிப் போட்டிருக்கும். பிக்கப்பில் இருப்பவருக்குச் சிறு குலுக்கலாகத் தெரிவது, பின்னால் வரும் கேரவனில் அலமாரிக் கதவுகளைத் திறந்து பாத்திரங்களைத் தரையில் கொட்டிவிடும். அங்கே 60 கிலோமீட்டர் வேகமே அதிகம். மற்ற இடங்களிலும் ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டர், அதாவது சேலத்திலிருந்து சென்னை போகும் தூரம் போதும். டீசலோ பெட்ரோலோ பாதித் தொட்டிக்கு வந்தவுடன் நிரப்ப வேண்டும். இழுக்கும்போது மைலேஜ் ஏறக்குறைய பாதியாகிவிடும், பெட்ரோல் பங்க்குகளும் தூரதூரமாக இருக்கும், கைப்பேசிச் சிக்னல் மணிக்கணக்கில் கிடைக்காது. இடுப்பு வலிக்கிறது என்று ஓடும் கேரவனுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என நினைக்காதீர்கள். பல இடங்களில் அது சட்டவிரோதம், எல்லா இடங்களிலும் ஆபத்து.

சாப்பாட்டு விஷயத்தில் சாம்பார்ப் பொடி, ஊறுகாய், புளி எல்லாம் சரி, எல்லையில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைச் சேலத்திலிருந்து கொண்டுபோகவே முடியாது. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சியின் காரணமாக அமெரிக்காவில் அதற்குத் தடை. ஒவ்வோர் எல்லைக்கும் முந்தைய இரவே குளிர்பெட்டியிலிருக்கும் பழங்களையும் காய்களையும் தின்று தீர்த்துவிட்டு, அடுத்த ஊரில் புதிதாக வாங்குவதே தொல்லையில்லாத வழி. விறகையும் எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டாம்.

கடைசியாகத் தங்குமிடம். ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பார்க்கலாம். வழியில் கனடாவில் இருக்கும் லியர்ட் ரிவர் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்; உங்கள் மனைவிக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடம் அதுவாகவே இருக்கக்கூடும். யூகான் அரசு முகாம்களில் விறகு கட்டணத்திலேயே அடங்கும், ஆனால் மின் இணைப்பு கிடையாது. ஆகவே இரண்டு மூன்று இரவுகளுக்கு ஒருமுறை தனியார் முகாமில் தங்கி, மின்சாரம் ஏற்றி, கழிவுத் தொட்டியைக் காலி செய்து, நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னோக்கி நிறுத்த வேண்டாத, நேராக ஓட்டிச் சென்று நிற்கும் இடமாகக் கேளுங்கள். மாலை நான்கு மணிக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஜூனில் அங்கே இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், இன்னும் கொஞ்சம் போகலாம் என்று மகன் சொல்லிக்கொண்டே இருப்பார்.