பழைய ராணுவத் தலைக்கவசம் விலைக்கு வந்தால் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பிரஷ்யக் (பழைய ஜெர்மானிய அரசு ஒன்றின்) காலாட்படை வீரரின் கூர்முனைத் தோல் தலைக்கவசம் ஒன்று எனக்கு விலைக்கு வந்திருக்கிறது. 1870இல் பிரான்சுடன் நடந்த போரில் பயன்பட்டது என்கிறார் விற்பவர். காதோரம் இரண்டு பக்கமும் வண்ண வட்டச் சின்னங்கள் உள்ளன. முன்புறக் கழுகுத் தகடு கறுத்துப்போயிருக்கிறது. நம்பி வாங்கலாமா? தகட்டைத் துலக்கி, தோலுக்கு எண்ணெய் பூசலாமா?

பதில்: முதல் கேள்விக்கான விடையில் பாதி, நீங்கள் குறிப்பிட்டுள்ள வட்டச் சின்னங்களிலேயே இருக்கிறது. முதலில் பிரஷ்ய வீரர்கள் தங்கள் அரசின் கறுப்பு வெள்ளைச் சின்னம் ஒன்றை மட்டுமே வலப்பக்கம் அணிந்துவந்தனர். ஜெர்மன் பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்புச் சின்னம் 1897இல்தான் வலப்பக்கத்துக்கு வந்தது. பிரஷ்ய அரசின் சின்னம் இடப்பக்கத்துக்கு மாறியது. ஆகவே இன்று காணப்படும் இதே கோலத்தில் அந்தக் கவசம் 1870ஆம் ஆண்டுப் போர்க்களத்தைக் கண்டிருக்க வழியில்லை. ஆனால், பழைய கவசத்தில் பிற்காலத்தில் சின்னம் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால், இதை மட்டும் வைத்துப் போலி என்று தள்ளிவிடவும் கூடாது.

அடுத்து கவசத்தின் வடிவத்தைப் பாருங்கள். 1842இல் அறிமுகமானபோது இந்தக் கவசம் மிக உயரமாகவும், முன்விளிம்பு சதுர முனைகளோடும் இருந்தது. பின்னர் படிப்படியாக உயரம் குறைந்தது. 1867ஆம் ஆண்டு வடிவத்தில் காலாட்படையினரின் முன்விளிம்பு வளைவானது. பின்புறம் மேலிருந்து கீழாக ஓடிய உலோகப் பட்டையும் சாதாரண வீரர்களின் கவசத்திலிருந்து நீக்கப்பட்டு, 1871இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. தாடைப் பட்டையை மாட்டுவதற்கென்று பக்கவாட்டில் குமிழ் போன்ற கொண்டி இருந்தால், அது 1891க்குப் பிந்தைய ஏற்பாடு. வளைந்த முன்விளிம்பு, பின்பட்டை, கொண்டி, இரண்டு சின்னங்கள் ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால், உங்களுக்கு வந்திருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்த கவசம் என்றே கொள்ளலாம். அதுவும் சேகரிக்கத் தகுந்த நல்ல பொருள்தான். ஆனால் அதற்குரிய விலைக்கே வாங்க வேண்டும். எழுத்துச் சான்று இல்லாத போர்க்கதைக்காக நான் ஒரு காசும் கூட்டித் தரமாட்டேன்.

பணம் கொடுக்கும் முன் உட்புறத்தின் படங்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சாதாரண வீரரின் கழுகுத் தகடு, பின்னால் பற்றவைத்த வளையங்கள் தோலின் துளைகள் வழியே உள்ளே வந்து நிற்பதால் பிடிப்புப் பெறுகிறது. அதிகாரியின் தகட்டில் திருகும் மரையும் இருக்கும். பயன்படாத துளைகள் தகட்டின் அடியில் மறைந்திருந்தால், வேறொரு தகடு அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். தகட்டை எவரும் மாற்றாதிருந்தால், அதன் மறைவில் இருந்த தோல் வெளிச்சம் படாமல் பளபளப்பைக் காத்துக்கொண்டு, கழுகின் உருவத்தையே நிழல்போலக் காட்டும். படைப்பிரிவு, ஆண்டு ஆகியவற்றைக் குறிக்கும் முத்திரை, அரசு வழங்கிய கவசங்களில் பெரும்பாலும் இருக்கும். அதிகாரிகள் சொந்தப் பணத்தில் வாங்கியவற்றில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இதே முறை மற்ற நாட்டுத் தொப்பிகளுக்கும் பொருந்தும். பிரிட்டிஷ் காலாட்படை 1878இல் ஏற்ற நீலத் துணிக் கவசத்தின் தகட்டில் படைப்பிரிவின் எண் இருந்தால் அது 1881ஆம் ஆண்டுச் சீரமைப்புக்கு முந்தையது. வட்டாரப் பெயர் இருந்தால் பிந்தையது. விக்டோரியா அரசி 1901இல் மறைந்த பின் கிரீடத்தின் வடிவமும் மாறியது.

இனிப் பராமரிப்பு. தகட்டைத் துலக்கவே வேண்டாம். பொன்முலாம் இருந்தால் கறுப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும். எழுத்துகளின் கூர்மை மழுங்கும். துலக்கும் பசை இடுக்கில் தங்கி வெள்ளையாக இறுகிவிடும். எண்ணெயும் கூடாது. அது மேற்பூச்சைப் பிசுபிசுப்பாக்கித் தூசியை இழுப்பதோடு, தோலின் கொழுப்பும் பித்தளையும் சேரும் இடங்களில் உண்டாகும் பச்சைக் களிம்பையும் வளர்க்கும். ஏற்கெனவே உள்ள களிம்பை ஈரமில்லாத மரக்குச்சியால் மெல்ல எடுத்தால் போதும். தோல் செம்பழுப்புத் தூளாக உதிர்ந்தால் துடைக்காமல், தோல் பொருள்களில் பழகிய பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். கவசத்தின் எடை விளிம்புகளில் இறங்காதபடி, அமிலமற்ற தாள் சுற்றிய மெத்தான தாங்கி உள்ளிருந்து தாங்கட்டும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள்ளும் வெளிச்சம் 50 லக்ஸ் அளவிலும் இருப்பது நல்லது.

பிற்பாடு ஃபெல்ட் (ரோமத்தை அழுத்திச் செய்யும் துணி) தொப்பிகளையும் சேர்க்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை. முயல் ரோமத்தை ஃபெல்ட் ஆக்க அக்காலத்தில் பாதரச நைட்ரேட் பயன்பட்டது; அதன் எச்சம் இன்றும் தொப்பியில் இருக்கக்கூடும். கரடித்தோல், இறகு ஆகியவற்றில் பூச்சிக்கு அஞ்சி ஆர்செனிக் தடவியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நைட்ரில் (செயற்கை ரப்பர்) கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அழகு பார்ப்பதற்காகக்கூடத் தலையில் வைக்காதீர்கள். வேறு நாட்டிலிருந்து இத்தகைய ரோமத் தொப்பியையோ இறகையோ தருவிப்பதானால், அந்த விலங்கின் வணிகத்துக்கு அனுமதிச் சான்று தேவையா என்பதை இரு நாட்டுச் சட்டங்களிலும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.