மாதுளை விதை எத்தனை? கிரேக்க, ரோமப் பருவக் கதைகள்: கேள்வி பதில்

கே: பெர்செஃபொனி ஆறு மாதுளை விதை தின்றதால்தான் ஆறு மாதம் குளிர்காலமாமே?

ப: பெர்செஃபொனி பயிர்த் தெய்வம் டிமீட்டரின் மகள். பாதாள அரசன் ஹேடீஸ் அவளைக் கடத்திப்போனான்; அங்கே மாதுளை தின்றதால் ஆண்டில் ஒரு பகுதி அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. ஆறு என்பது பிற்காலத்துக் கதைக்கணக்கு. ஹோமர் பெயரில் வழங்கும் டிமீட்டர் துதியில் ஹேடீஸ் கமுக்கமாக ஊட்டுவது ஒரே விதை. பாதாளவாசம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. ரோமக் கவிஞர் ஓவிட் ஒரு நூலில் ஏழு விதை என்கிறார், இன்னொன்றில் மூன்று. எந்த நூல் என்று பார்க்காமல் ‘கிரேக்கப் புராணம் சொல்கிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள்.

கே: தாயின் சோகத்தில் பயிர் தானாக வாடியதா?

ப: தானாக இல்லை. ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலூசிஸ் ஊரில் தன் கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டு, டிமீட்டர்தான் விதையை முளைக்கவிடாமல் தடுத்தாள். உழவும் வீண், தூவிய பார்லியும் வீண். மனிதர்கள் பட்டினியில் செத்தால் தேவர்களுக்குப் படையல் ஏது? தேவர்களின் அரசன் ஸீயஸ் மகளை மீட்டுத்தர இணங்கியது அதனால்தான்.

கே: கிரீஸில் கோடைதானே வறட்சி? குளிர்காலத்தில் வயல் பச்சையாக இருக்குமே?

ப: அப்படிக் கேளுங்கள்! மே, ஜூனில் அறுவடை. அப்புறம் மழை வரும்வரை நிலம் காய்ந்து கிடக்கும்; அக்டோபர், நவம்பரில் விதைப்பு. அதனால் கார்ன்ஃபோர்டு, நில்சன் போன்ற அறிஞர்கள், அறுத்த தானியம் நிலத்தடியில் சேமிப்பில் கிடக்கும் கோடைதான் பாதாளவாசம் என்றார்கள். அழகான வாதம். ஆனால் துதியில், வசந்தப் பூக்கள் மலரும்போது நீ மேலே வருவாய் என்று தாயே மகளிடம் சொல்கிறாள். அந்த வரியை எங்கே ஒளிப்பது?

கே: டிமீட்டருக்கும் மகளுக்கும் எடுத்த எலூசிஸ் பெருவிழா விதைப்புக்குச் சற்று முன்னால், செப்டம்பர் வாக்கில்தானே வந்தது? அது கோடைக் கட்சிக்குச் சாட்சி இல்லையா?

ப: சாட்சிதான், மறுக்கவில்லை. விழா நாளை வைத்துப் பாட்டின் வரியை அழிக்க முடியாது என்கிறேன், அவ்வளவுதான். பாட்டு வேறு, சடங்கு வேறு.

கே: விதை நான்கா, ஆறா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: எகிப்தின் ஒசிரிஸ் கதையும் இதுதானா?

ப: என் துறை இல்லை. எகிப்து படித்தவரைக் கேளுங்கள்.

கே: ஆறு விதை என்று என் மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறதே?

ப: இருக்கட்டும்.

கே: ரோமர்கள் என்ன மாற்றினார்கள்?

ப: டிமீட்டர் அங்கே செரீஸ், மகள் புரோசர்பினா, ஹேடீஸ் புளூட்டோ. ஓவிட் ஆண்டைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிறார். கடத்தல் நடப்பது சிசிலியில், என்னா அருகே பெர்குசா ஏரிக்கரையில். அங்கே எப்போதும் வசந்தம்தான் என்கிறார். பூப் பறித்துக்கொண்டிருந்தவளைப் புளூட்டோ தூக்கிப்போவது அங்கிருந்துதான்.