பசங்க லீட் பண்ணணும்னா நாம எங்க நிக்கணும்?

கேள்வி: நான் ப்ரைமரி ஸ்கூல்ல 4ஆம் வகுப்பு டீச்சர். ரெண்டு வருஷமா எங்க ஸ்கூல்ல ஒரு சுற்றுச்சூழல் கிளப் இருக்கு. பிளான் நான் போடுறேன், சார்ட் நான் எழுதுறேன், பசங்க அதைப் பிடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிறாங்க. நட்ட செடில பாதிக்கு மேல லீவுல காஞ்சு போச்சு. இந்த வருஷமாவது பசங்களே முன்ன நின்னு நடத்துற மாதிரி ஏதாவது பண்ணணும்னு ஆசை. 8, 9 வயசுப் பசங்களால இது உண்மையிலயே முடியுமா? எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பதில்:

முடியும் டீச்சர். 8, 9 ரொம்ப நல்ல வயசு, எண்ணத் தெரியும், அளக்கத் தெரியும், ஒரு விஷயம் நியாயமில்லன்னு மனசுல பட்டுருச்சுன்னா லேசுல விடமாட்டாங்க. நான் பல வருஷமா ஸ்கூல்களோட சேர்ந்து இந்த மாதிரி வேலைதான் பண்றேன், பசங்களால முடியாம நின்னுபோன ப்ராஜெக்ட்ட விட, பெரியவங்க பொறுமை இல்லாம உள்ள பூந்து அதனால நின்னுபோனதத்தான் அதிகமா பாத்திருக்கேன்.

பசங்க லீட் பண்றதுன்னா மொத்தத்தையும் அவங்க கையில குடுத்துட்டு நாம ஒதுங்கிக்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது இல்ல. ரோஜர் ஹார்ட்னு ஒருத்தர் 1992ல யுனிசெஃப்புக்காக எழுதுன கட்டுரைல குழந்தைங்களோட பங்கேற்ப 8 படி வச்ச ஏணியா காட்டியிருப்பாரு. கீழ இருக்கிற 3 படி பங்கேற்பே கிடையாதுன்னு சொல்றாரு, அதாவது பசங்கள வச்சு நம்ம காரியத்த சாதிச்சுக்கிறது, அலங்காரத்துக்கு நிறுத்துறது, பேருக்கு பேச விடுறது. போட்டோவுக்கு நிக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அது ரெண்டாவது படி. நிறைய கிளப் அங்கதான் ஆரம்பிக்குது, அதுக்காக மனசு விட்றாதீங்க. ஆனா உச்சிப் படிய கவனிங்க, பசங்களே ஆரம்பிச்சு பசங்களே நடத்துறது 7வது படிதான், 8வது படில யோசனை பசங்களோடது, முடிவ பெரியவங்களோட சேர்ந்து எடுக்கிறாங்க. அதனால உங்களுக்கு அங்கயும் இடம் இருக்கு, பின்னாடி வரிசைல.

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னா, ப்ராஜெக்ட்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. "இந்த வருஷம் என்ன பண்ணலாம்?"னு பசங்ககிட்ட கேட்டீங்கன்னா மரம் நடலாம் மிஸ், பிளாஸ்டிக்க ஒழிக்கலாம் மிஸ்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அந்த பதில்தான் நமக்குப் பிடிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அளக்கிறதுல இருந்து ஆரம்பிங்க. 1994ல ஆரம்பிச்ச ஈகோ-ஸ்கூல்ஸ் திட்டம் இன்னைக்கு பல நாட்டு ஸ்கூல்கள்ல நடக்குது, அதுல 7 படி உண்டு, முதல்ல பசங்க இருக்கிற கமிட்டி, அடுத்தது ஸ்கூல்ல இப்ப என்ன நிலைமைன்னு பாக்குற ஆய்வு, அதுக்கப்புறம்தான் பிளானே. அந்த வரிசைய மாத்தாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். பசங்க கையில அவங்களே எடுத்த ஒரு நம்பர் இருந்தா அவங்க பேசுற விதமே வேற.

ஒரு ஸ்கூல்ல நான் கண்ணால பாத்தத சொல்றேன். கை கழுவுற இடத்துல ஒரு குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும், அது எவ்ளோ நாளாவோ அப்படியே இருந்திருக்கு, எல்லாரும் தாண்டித்தான் போவாங்க. 3ஆம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி சயின்ஸ் ரூம்லேர்ந்து கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒண்ணு வாங்கிட்டு வந்து கீழ வச்சா. 20 நிமிஷ இடைவேளை முழுக்க அங்கயே குத்தவச்சு உக்காந்துட்டு, யார் வந்தாலும் வேற குழாய்க்குப் போங்கன்னு கையக் காட்டிக்கிட்டே இருந்தா. பெல் அடிச்சதும் ஜக்க தூக்கி கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாத்தா 300 மில்லி. 20 நிமிஷத்துக்கு 300ன்னா ஒரு மணிக்கு 900, அத 24ஆல பெருக்க பெரிய கிளாஸ் பையன் ஒருத்தன் உதவி பண்ணான், ஒரு நாளைக்கு 21,600 மில்லி வந்துச்சு. அப்புறம் அவளே 1 லிட்டர் பாட்டில்கள ஸ்டாஃப் ரூம் வாசல்ல வரிசையா அடுக்க ஆரம்பிச்சா, காலி பாட்டில்தான், 21 பாட்டிலும், பாதிக்கு மேல கோடு போட்ட இன்னொண்ணும். ஹெச்.எம். வெளிய வந்தவங்க அத தாண்டிப் போக வழி இல்லாம நின்னுட்டாங்க. ரெண்டு நாள்ல குழாய் ரிப்பேர் ஆச்சு. ஆனதுக்கப்புறமும் அவ ஜக்க திரும்பக் கொண்டுவந்து வச்சு 20 நிமிஷம் உக்காந்தா, சைபர்னு நோட்டுல எழுதுறதுக்காக. அந்த ரெண்டாவது தடவ அளந்தா பாருங்க, அதத்தான் நான் லீட் பண்றதுன்னு சொல்லுவேன், யாரும் சொல்லாமலே செஞ்சா.

நொடிக்கு ஒரு துளி சொட்டுற குழாய்ல கிட்டத்தட்ட இதே அளவுதான் வரும், ஒரு துளி சுமாரா கால் மில்லின்னு வச்சுக்கிட்டா நாளைக்கு 20 லிட்டருக்கு மேல போகும். ஆனா இத நீங்க போர்டுல எழுதிச் சொல்லிடாதீங்க, அவங்களே கண்டுபிடிக்கட்டும்.

தண்ணிக்கு அடுத்தபடியா குப்பைத்தொட்டி நல்ல இடம். ஒரு நாள் குப்பைய ஒரு பெரிய ஷீட்ல கொட்டி பேப்பர், பிளாஸ்டிக், சாப்பாட்டு மிச்சம், மத்ததுன்னு பிரிச்சு ஒவ்வொண்ணையும் எடை போடட்டும், நிறைய பேப்பர்ல ஒரு பக்கம் எழுதாமலே கிடந்தா பசங்களே பாத்து அதிர்ச்சி ஆவாங்க. இங்க மட்டும் நீங்க கண்டிப்பா முன்ன நிக்கணும்: கிளாஸ் ரூம் தொட்டியும் சாப்பிடுற இடத்துத் தொட்டியும் மட்டும்தான், டாய்லெட் தொட்டி, மருந்து ரூம் தொட்டி கிட்ட பசங்கள விடவே கூடாது, உடைஞ்ச கண்ணாடி இருக்கான்னு நீங்க மொதல்ல பாத்துடணும், எல்லாருக்கும் கிளவுஸ், முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். ஒரு நாள் மட்டும் எடை போட்டு முடிவுக்கு வராதீங்க, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண வாரம் முழுக்க எடுங்க.

நம்பர் வந்தாச்சுன்னா எத சரி பண்றதுன்னு பசங்க முடிவு பண்ணணும், இங்கதான் நமக்கு வாய் துறுதுறுங்கும். மேரி பட் ரோங்கிற ஆராய்ச்சியாளர் பல வகுப்புகள கவனிச்சுப் பாத்தாங்க, டீச்சர் ஒரு கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் சராசரியா ஒரு செகண்ட்தான் இருந்துச்சு, அதையே 3 செகண்ட் ஆக்குனதும் பசங்க பதில் நீளமாச்சு, பேசாத பசங்களும் பேச ஆரம்பிச்சாங்க. வெறும் 3 செகண்ட் டீச்சர்! கமிட்டி மீட்டிங்ல நீங்க மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க, எவ்ளோ நீளமா இருக்கும்னு தெரியும்.

எது முடியும், எது முடியாதுங்கிறத மட்டும் முதல் நாளே உண்மையா சொல்லிடுங்க. கரண்ட் பாக்ஸ தொடக்கூடாது, கூரை மேல ஏறக்கூடாது, ஸ்கூல் நேரத்த மாத்த முடியாது, செலவுன்னா இவ்ளோதான், இந்த எல்லைக்குள்ள எது வேணா நீங்களே முடிவு பண்ணலாம்னு. பசங்க ஒரு மாசம் உக்காந்து யோசிச்சதுக்கப்புறம் "இதெல்லாம் ஆகாது"ன்னு சொல்றதுதான் அவங்க நம்பிக்கைய உடைக்கும். வேற எதுவும் அவ்ளோ உடைக்காது. முடியாதுன்னு சொல்ல வேண்டி வந்தாலும் காரணத்தோட சொல்லுங்க, ஹெச்.எம்.மே மீட்டிங்குக்கு வந்து சொன்னா இன்னும் நல்லது. 1989ல வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கைல 12வது பிரிவு இதத்தான் சொல்லுது, தன்னப் பாதிக்கிற விஷயத்துல கருத்து சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டு, வயசுக்கும் பக்குவத்துக்கும் ஏத்த மதிப்ப அந்தக் கருத்துக்குக் குடுக்கணும்னு. கேட்டுட்டு மறந்துடுறது மதிப்பு குடுக்கிறதாகாது.

கமிட்டிக்கு ஆள் எடுக்கிறது எப்படின்னு பாத்தா, என் அபிப்ராயம் சீட்டுக் குலுக்கல். ஓட்டுப் போட்டா கிளாஸ்ல செல்வாக்கான பசங்க வருவாங்க, டீச்சர் தேர்ந்தெடுத்தா நல்லா படிக்கிற பசங்க வருவாங்க, ரெண்டுலயும் அந்தக் கடைசி பெஞ்சு பையன் வரமாட்டான், ஆனா எந்த ஃபேன் சத்தம் போடுது, எந்தக் குழாய் ஒழுகுதுன்னு அவனுக்குத்தான் அத்துப்படி. ஒவ்வொரு கிளாஸ்லயும் விருப்பம் உள்ளவங்க பேர எழுதிப்போட்டு ரெண்டு பேர எடுங்க, டேர்முக்கு ஒரு தடவ மாத்துங்க. சின்ன கிளாஸ் பசங்களும் இருக்கட்டும், 6 வயசுக் குழந்தை கோடு போட்டு எண்ணும், 8 வயசு அளந்து பார் சார்ட் போடும், 10 வயசு லெட்டர் எழுதும். மீட்டிங் 20 நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, பசங்கள போலீஸ் ஆக்காதீங்க. யார் லைட்ட அணைக்கல, யார் குப்பைய கீழ போட்டாங்கன்னு பேர் எழுதிக் குடுக்கிற வேலைய கமிட்டிக்குக் குடுத்தா ரெண்டே வாரத்துல மத்த பசங்க இவங்கள வெறுப்பாங்க, அதோட அந்த ப்ராஜெக்ட்டும் முடிஞ்சது. ஆள எண்ண வேண்டாம், லைட்ட எண்ணட்டும்: இடைவேளைல ஆளில்லாத ரூம்ல எத்தன லைட் எரியுதுன்னு, ஸ்கூல் மொத்தத்துக்கும் ஒரே நம்பர்.

தப்பு நடக்கும், நடக்கட்டும். இன்னொரு ஸ்கூல்ல பசங்க கம்போஸ்ட் தொட்டி வச்சாங்க, மூணாவது வாரம் நாத்தம் தாங்கல, பக்கத்து கிளாஸ்ல ஜன்னல சாத்திட்டாங்க, தூக்கிப் போட்டுரலாம்னு பெரியவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. அவங்க டீச்சர் மட்டும் ஒரு வாரம் டைம் வாங்கிக் குடுத்தாங்க. ஒரு பையன் கிளவுஸ் போட்டு ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிஞ்சான், விரலிடுக்குல தண்ணி ஒழுகுச்சு. நல்லா பிழிஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரிதான் இருக்கணும், சொட்டக் கூடாது. பழத்தோலும் காய்கறிக் கழிவுமா போட்டிருக்காங்க, காஞ்சது எதுவுமே போடல, காத்துப் போக வழியில்லாததால அழுகிப் போச்சு. பச்சைக் கழிவு ஒரு பங்குன்னா காஞ்ச இலை, கிழிச்ச அட்டை ரெண்டு மூணு பங்கு, வாரம் ஒரு தடவ கிளறி விடணும், இறைச்சி, பால், எண்ணெய் சேரவே கூடாது. பசங்க இத தேடிப் படிச்சு, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, மைதானத்துல காஞ்ச இலைய மூட்டையா கொண்டுவந்து கலந்தாங்க. கொஞ்ச நாள்ல நாத்தம் போயிருச்சு. அன்னைக்கு ஜன்னல சாத்துன கிளாஸுக்கு அவங்களே போய், இப்ப திறங்கன்னு சொல்லிட்டு வந்தாங்க.

உங்க காஞ்ச செடிக்கு வர்றேன். லீவுல யார் தண்ணி ஊத்துறதுன்னு முடிவு பண்ணாம நட்டா செடி பிழைக்கிறது கஷ்டம், அது பசங்க தப்பு இல்ல, உங்க தப்பும் இல்ல, பிளான்ல அந்த வரி இல்ல. இந்தத் தடவ நடுறதுக்கு முன்னாடியே அந்தக் கேள்விய கமிட்டில வைங்க. காலண்டர எடுத்து லீவு நாள் எல்லாத்தையும் பசங்களே வட்டம் போடட்டும், ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிர்ல ஒரு குடும்பமோ வாட்ச்மேனோ யாராவது ஒருத்தர் பேர் வரணும், அவங்கள முன்னாடியே கேட்டு சம்மதமும் வாங்கணும். வட்டத்துக்கு பேர் கிடைக்கலன்னா அத்தன செடி வேண்டாம், குறைச்சு நடுங்க. முதல் வருஷம் தப்பிச்சுட்டா அப்புறம் வேலை பாதியாயிரும்.

எல்லாத்தையும் ஒரே நோட்டுல பசங்க கையெழுத்துலயே எழுத வைங்க, ஸ்பெல்லிங்க திருத்த வேண்டாம். ஜக்ல எவ்ளோ, தொட்டில எவ்ளோ, எது சொதப்புச்சு, ஏன். வருஷக் கடைசில இந்த கமிட்டி அடுத்த கமிட்டிய கூப்பிட்டு உக்கார வச்சு அந்த நோட்ட பக்கம் பக்கமா புரட்டிக் காட்டட்டும், ஒரு அரை மணி நேரம் போதும். நீங்க அன்னைக்கு கடைசி பெஞ்சுல உக்காந்துக்கோங்க, யாராவது திரும்பி உங்களப் பாத்து "சரிதானே மிஸ்?"னு கேட்டா, நோட்ட எழுதுனவங்ககிட்டயே கேளுன்னு சொல்லிடுங்க.